பச்சை ஏறாத கோடு

அது எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா என்பதில் எனக்கு நிச்சயம் இல்லை. தவசியைக் கேட்டால் ஒரு தடவை ஒன்றைச் சொல்வான், மறு தடவை மற்றதைச் சொல்வான். பங்குனி மாதம் என்பது மட்டும் மாறாது. அடிக்கட்டையில் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினான் என்பதும் இப்படித்தான். நாலு என்று சொல்லிக்கொண்டிருந்தவன் பிற்பாடு மூன்று என்றான். அதற்கும் பிற்பாடு, கேட்டால் பேசாமல் இருக்க ஆரம்பித்தான். அவன் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் வைத்துத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கேயாவது பிசகியிருந்தால் பாதி அவனுடையது, பாதி என்னுடையது.

தவசி சிலமலைக்காரன். போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, சாலை கடைசியாக முறுக்கிக்கொண்டு ஏறும் வளைவிலிருந்து தெற்கே ஒரு மைல் நடந்தால் ஒரு ஓடைப் பள்ளம் வரும். அந்தப் பள்ளத்தில் இருந்த நாலு ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏழு வருஷமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். தோட்டம் போடியில் மலைச்சரக்குக் கடை வைத்திருந்த சத்தியநேசனுடையது. எடுத்த காலத்தில் பாதி அழுகலும் பாதி களையுமாகக் கிடந்த இடம். தவசியும் அவன் பெண்டாட்டி மாயக்காளும் அங்கேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்து, ஒவ்வொரு தூராகப் பிரித்து நட்டு, அட்டைக்குக் கால் ரத்தத்தைக் கொடுத்து, அதை ஒரு தோட்டமாக்கியிருந்தார்கள். கீழே சிலமலையில் அவர்களுக்கென்று இருந்தது பங்காளிகளோடு இழுபறியாகக் கிடந்த அரைக் குறுக்கம் மானாவாரி நிலம் மட்டும்தான். மலையில் இந்த நாலு ஏக்கர் கையைவிட்டுப் போனால், விடிவதற்குள் ஜீப்பில் நின்றுகொண்டு ஊரான் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போக வேண்டும். அந்தப் பிழைப்பிலிருந்து ஏறித்தான் அவர்கள் இங்கே வந்திருந்தார்கள்.

தோட்டத்தின் மேற்கு எல்லையைத் தாண்டினால் மரம் கிடையாது. அடிவாரத்திலிருந்து மலைமுகடு வரை ஒரே புல் சரிவு. ஆள் உயரத்துக்கு நிற்கும் போதைப்புல். மாசி பிறந்துவிட்டால் காய்ந்து, காற்றடிக்கும்போது காகிதம் கசங்குவதுபோலச் சத்தம் போடும். அங்கே ராசிங்காபுரத்து மலைச்சாமி தன் மலைமாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். மலைச்சாமி மாயக்காளுக்குப் பெரியப்பா மகன். தவசிக்கு மச்சான் முறை, பத்து வயது மூத்தவர். சுருட்டு ஒன்று எப்போதும் வாயில் இருக்கும், பற்றியிருந்தாலும் அணைந்திருந்தாலும்.

மேற்கு எல்லையோரம் ஒரு பெரிய சந்தனவேம்பு நின்றது. ஐப்பசிப் புயலில் அது சாய்ந்தது. மரத்தைச் சத்தியநேசன் அறுத்துக்கொண்டு போய்விட்டார். அடிக்கட்டை மட்டும், ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தின் அகலத்துக்குக் கிடந்தது. அதை எடுத்துவிட்டால் பத்துத் தூர் நடலாம் என்று தவசிக்கு ஆசை. கோடாலிக்கு அது மசியவில்லை.

பங்குனி முதல் வாரத்தில் மாயக்காள் தன் அக்காள் மகளின் சடங்குக்காகச் சிலமலைக்கு இறங்கினாள். மூன்று நாள் வரமாட்டாள். பங்குனியில் தோட்டத்துக்குள் தீ மூட்டினால் அவள் வாயில் விழ வேண்டியிருக்கும் என்பது தவசிக்குத் தெரியும். அதனால்தான் அந்த மூன்று நாளைப் பார்த்துக் கட்டையைச் சுற்றிப் பள்ளம் பறித்து, சருகை அடைத்துக் கொளுத்தினான். எல்லைக்கும் புல்லுக்கும் நடுவே மூன்று கஜ அகலத்துக்குத் தரையை வெறுமையாகச் செதுக்கி விட்டிருந்தான். வருஷா வருஷம் செய்வதுதான். அதைத் தாண்டி ஒரு பொறி போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் கட்டை சாம்பலாகிப் புகை மட்டும் வந்தது. ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றி, கடப்பாரையால் கிண்டிவிட்டான். புகை நின்றது. மேலே மண்ணைத் தள்ளிச் சருகு பரப்பினான். மாயக்காள் வந்தபோது அவள் அந்தப் பக்கம் போகவில்லை, அவனும் சொல்லவில்லை.

கட்டையை அணைத்த ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் சரிவு பற்றிக்கொண்டது.

இருவரும் தோட்டத்தின் கீழ்க்கோடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் கேட்டது சத்தம்தான். ஈரமூங்கில் வெடிப்பதுபோல வரிசையாக. நிமிர்ந்தபோது மேற்கே சரிவு முழுவதும் புகையாக இருந்தது. அது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி மேலும் கீழும் ஒரே சமயத்தில் எரிந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் மாட்டுக்காரர்களும் ஓடிவந்தார்கள். மலைச்சாமியும் வந்தார். பச்சைத் தழையை ஒடித்து அடித்து அடித்து, பொழுது சாயும் நேரத்துக்கு ஏலத்துக்குள் நாலு வரிசைக்கு மேல் வராமல் தடுத்தார்கள். புல்லை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது முகடுவரை போய், மேல்தோட்டக்காரர் ஒருவரின் வேலியை எரித்துவிட்டுத் தானாக நின்றது. மலைச்சாமியின் புருவமும் ஒரு பக்க மீசையும் பொசுங்கியிருந்தன. அவர் அந்தக் கோலத்தில் நின்று சிரித்ததை அப்போது எல்லோரும் பார்த்தார்கள். பிற்பாடு அந்தச் சிரிப்பும் பேச்சுக்கு வந்தது.

மூன்றாம் நாள் சத்தியநேசன் ஜீப்பில் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எல்லையோரம் நடந்தார். தரையெல்லாம் கரி. சந்தனவேம்புக் கட்டை இருந்த இடத்தில் குழியைப் பார்த்து நின்றார். தீயில் எரிந்துபோனது என்றான் தவசி. அது பொய் என்று அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. எரிந்தது தீயில்தானே.

மேல்தோட்டக்காரர் வேலிக்கு வழக்குப் பேசுவதாகவும், தீ யார் இடத்திலிருந்து கிளம்பியது என்று தெரிய வேண்டும் என்கிறார் என்றும் சத்தியநேசன் சொன்னார். பிறகு குரலைக் கூட்டாமலேயே சொன்னார்:

“கீழேயிருந்து வந்திருந்தா அது காட்டுத் தீ. உள்ளேயிருந்து போயிருந்தா அது உன் தீ. உன் தீன்னா ஆடியோட நீ இறங்கிற வேண்டியதுதான், தவசி. எனக்கு வேற வழி கிடையாது.”

“கீழேயிருந்துதான் முதலாளி.”

“யாரு?”

தவசி பேர் சொல்லவில்லை. தீக்கு முந்தின நாளே மலைச்சாமி மாட்டுத் தொழுவைச் சரிவிலிருந்து மாற்றிவிட்டார் என்று மட்டும் சொன்னான். அது உண்மை. சத்தியநேசன் தலையை ஆட்டிக்கொண்டார். பழைய புல்லை எரித்தால் புதுமழைக்கு இளம்புல் வரும், மாட்டுக்காரனுக்கு அதுதானே வேண்டும் என்று மிச்சத்தை அவரே சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

தவசி அப்படி நம்பவும் செய்தான். இதை அவன் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறான். வேண்டுமென்று பழி போடவில்லை. யோசிக்க யோசிக்க எல்லாம் மலைச்சாமி பக்கமே போய் நின்றது. போன வருஷம் அவர் சரிவில் ஒரு மூலையை எரித்தது நினைவுக்கு வந்தது. தீயணைக்க மற்றவர்களைவிட அவர் முந்தி வந்தது நினைவுக்கு வந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்தாரா என்ன? ஒற்றையடிப் பாதையில் ஒரு சுருட்டுத் துண்டு கிடந்ததை எடுத்து வேட்டி மடிப்பில் முடிந்துவைத்தான். அது தீக்கு முன்னே விழுந்ததா பின்னே விழுந்ததா என்று துண்டு சொல்லாது. இருந்தாலும் வைத்திருந்தான். அடிக்கட்டையைப் பற்றியும் யோசித்தான். நாலு குடம் ஊற்றினேன், புகை நின்றது, ஐந்து நாள் ஆகிவிட்டது என்று அங்கே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி மலைச்சாமியிடம் வந்துவிடுவான்.

பேச்சு காட்டிலாகா வாச்சர் காதுக்குப் போனது. விசாரித்து முடியும்வரை சரிவுப் பக்கம் மாடு வரக்கூடாது என்று மலைச்சாமிக்குச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மலைச்சாமி தோட்டத்துக்கு வந்தார். கொட்டகைக்குள் வராமல் வெளியே கல்லில் உட்கார்ந்தார். மாயக்காள் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கித் தரையில் வைத்தார்.

“மாப்ளே, தீயை நான் வச்சேன்னு சொன்னியாமே.”

“வச்சீங்கன்னு சொல்லல மச்சான். மாட்டை மாத்துனீங்கன்னுதான் சொன்னேன்.”

“ரெண்டுக்கும் நடுவுல எம்புட்டுத் தூரம்? ஒரு தீக்குச்சி நீளம் இருக்குமா?”

தவசி தரையிலிருந்த காப்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

“சரிவுல இருந்த ஊத்து வத்திருச்சுய்யா, அதான் மாத்துனேன். போய்ப் பாரு. மாடு தண்ணி கேட்டா உங்க முதலாளிகிட்ட போய்க் கேளுன்னு அனுப்பச் சொல்றியா? எரிக்கிறவன் பாதி மீசையையுமா சேத்து எரிச்சுக்கிருவான்?” என்றவர், மாயக்காளைப் பார்த்தார். “ஆத்தா, நீயும் அப்படித்தான் நெனைக்கிறயா?”

மாயக்காள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் பதில் சொன்னால் அதுவே தன் பதில் என்பதுபோல. அவன் குனிந்து காலில் ஒட்டியிருந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மலைச்சாமி எழுந்தார். வெள்ளிக்கிழமை மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே பாதையோரக் கருப்பு சாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யப்போவதாகவும், முதலாளியையும் வரச்சொல்லும்படியும் சொல்லிவிட்டுப் போனார். காப்பி ஆறி, அதில் கரித்துகள் விழுந்து கிடந்தது.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் விசாரணை கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவன் குளித்து ஈரத்துணியோடு நின்று, கல்லில் எரியும் சூடத்தை வலது உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னபிறகு யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. ஆனால் முப்பது நாள் கெடு உண்டு. அதற்குள் அவன் வீட்டில் ஒரு உயிர் போனால், மனுஷ உயிரோ மாட்டு உயிரோ, அவன் சொன்னது பொய்.

சத்தியநேசன் வந்தார், ஆனால் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. வேதக்காரன் நான் உங்க சாமிக்கு முன்னாடி நின்னா ரெண்டு பக்கமும் சங்கடம், நடந்ததை வந்து சொல்லுங்க என்று முன்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். ஆனால் கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பூசாரி கன்னையன் சூடத்தை ஏற்றினான். மலைச்சாமி கையை ஓங்கவில்லை. நெருப்பின்மேல் உள்ளங்கையை மெதுவாக வைத்து, அது அணையும்வரை அப்படியே வைத்திருந்தார். நானும் வைக்கல, என் ஆளும் வைக்கல, என் வாயிலிருந்த சுருட்டும் வைக்கல என்றார். பிறகு திரும்பினார்.

“இப்ப நீ அணை மாப்ளே. உன் தோட்டத்துலருந்து போகலன்னு.”

தவசி கல்லில் அணைந்து கிடந்த சூடத்தைப் பார்த்தான். அடிக்கட்டையின் குழி, அதில் தண்ணீர் விழுந்தபோது எழுந்த சீற்றம், எல்லாம் கண்ணுக்கு வந்தது. ஒரு குடம், இரண்டு குடம், மூன்று. நாலாவதை எடுக்கப் போகும்போது ஊற்றங்கரையில் பாம்பைப் பார்த்து நின்றது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து ஊற்றினேனா?

“சந்தேகப்பட்டவன் அணைக்கிற வழக்கம் இல்ல மச்சான்,” என்றான்.

கன்னையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், அப்படி வழக்கமில்லை என்றான். தவசிக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததைத் தானே கவனித்தான். ஏன் இவ்வளவு நிம்மதி என்று அவனுக்கே பிடிக்கவில்லை. பக்கத்தில் மாயக்காள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இறுக மூடியிருந்தது.

அன்றிலிருந்து கொட்டகைக்குள் பேச்சு குறைந்துபோனது. சோறு வைப்பாள், எடுத்துப்போவாள். ஒருநாள் மட்டும் உலையில் அரிசி போட்டுக்கொண்டே, நான் சடங்குக்குப் போயிருந்த மூணு நாளும் என்ன சோலி பாத்தீங்க என்று கேட்டாள். களை எடுத்தேன் என்றான். எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் கிழக்கே போனால் அவன் எட்டிப் பார்த்தான், மேற்கே போனால் பின்னாலேயே போனான். ஏழு வருஷம் ஒரே பாயில் படுத்தவளை அவன் அப்படி நோட்டம் பார்ப்பான் என்று அதற்கு முன்பு நினைத்ததில்லை.

சத்தியம் செய்த இருபத்துநாலாம் நாள் மலைச்சாமியின் சினைப்பசு பாறையிலிருந்து உருண்டு செத்தது. சரிவில் மேய்க்க விடாததால் மாடுகளை வடக்கே செங்குத்தான பாறைப் பக்கம் ஓட்டியிருந்தார். அங்கே இடுக்கில் ஒரு பச்சை முடிச்சுக்கு எட்டியபோது பசுவின் கால் வழுக்கியது. பார்த்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கேட்டவர்கள் அதை விட்டுவிட்டு நாளை எண்ணினார்கள். இருபத்துநாலு. கருப்பு கேட்டுவிட்டது என்று போடி வரைக்கும் பேச்சு. சத்தியநேசன் சொல்லியனுப்பினார்: ஆடிக்குப் புதுக் குத்தகைச் சீட்டு எழுதிக்கொள்ளலாம், கவலைப்பட வேண்டாம்.

அன்றைக்குத் தவசி வயிறாரச் சாப்பிட்டான். தன்மேல் இருந்த சந்தேகத்தைச் சாமியே எடுத்துப்போட்டதுபோல இருந்தது. நாலு குடம்தான், நாலாவதும் ஊற்றியிருக்கிறேன் என்று உறுதிப்படுத்திக்கொண்டான்.

துக்கம் கேட்கப் போன மாயக்காள் இருட்டுவதற்குள் திரும்பி வந்தாள். அண்ணன் சுருட்டை விட்டுவிட்டார் என்றாள். மாட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தீப்பிடித்த அன்றைக்குக் காலையில் நான் சுருட்டை அணைத்துப் போட்டதை நீ பார்த்தாயா என்று கேட்கிறாராம். அவர்கள் பார்க்கவில்லை என்கிறார்களாம். எவன்தான் பார்ப்பான், ஒருத்தன் சுருட்டை அணைப்பதை?

சித்திரை முடிவில் கோடைமழை வந்தது. மூன்று நாள் தொடர்ந்து கொட்டியது. கரியெல்லாம் ஓடையில் இறங்கி, தண்ணீர் மையாக ஓடியது. ஆறாம் நாள் காலையில் தவசி வெளியே வந்து பார்த்தபோது, கறுப்பு முடிச்சுகளாகக் கிடந்த புல்லின் தூர்களில் ஊசி ஊசியாகப் பச்சை நின்றது. முதலில் துளிர்த்தது சிற்றீச்சைதான். தலை முழுக்க எரிந்திருந்தும் நடுக்குருத்தை நீட்டிவிட்டது. பத்து நாளில் சரிவுக்குப் பூசினதுபோலப் பச்சை. எரிந்துபோன நாலு வரிசை ஏலமும் வீண்போகவில்லை. மேல்தட்டை கருகி மடிந்திருந்தாலும் மண்ணுக்கடியில் கிழங்கு உயிரோடு இருந்து, சிவந்த முனையோடு புதுக் குருத்தை விரல்போலத் தள்ளியது. இளம்புல்லுக்குக் காட்டுமாடுகள் முகட்டிலிருந்து இறங்கி வந்து, அவனைப் பார்த்தும் பார்க்காததுபோல மேய்ந்தன. தீ வந்ததே இவற்றுக்கு ஒரு காரியமாகவே இல்லையோ என்று இருந்தது.

அப்போதுதான் அதைக் கண்டான். எதிர்க்கரையில் வாய்க்கால் வெட்டப் போனவன், நிமிர்ந்து மேற்கு எல்லையைப் பார்த்தான். பச்சைக்கு நடுவே ஒரு கோடு. செங்கல் நிறம். முதலில் மாட்டுத்தடம் என்று நினைத்தான். ஆனால் மாட்டுத்தடம் ஒரு இடத்திலிருந்து வந்து ஒரு இடத்துக்குப் போகும். இது அடிக்கட்டைக் குழியில் தொடங்கி, செதுக்கிவிட்ட தரையைக் குறுக்கே கடந்து, லேசாக வளைந்து, புல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு அடி போய், தாம்பாளம்போல ஒரு வட்டத்தில் முடிந்தது. அந்த வட்டத்தில் ஒரு ஊசிப் பச்சைகூட இல்லை.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடைக்குள் இறங்கி ஏறினான். கோடு ஒரு சாண் ஆழத்துக்கு உள்வாங்கியிருந்தது. கையைவிட்டான். மண் கட்டிதட்டி, சுட்ட ஓடுபோல உதிர்ந்தது. அதற்கடியில் பொந்து, முழங்கைவரை போனது, விரலில் வெள்ளைச் சாம்பல். சந்தனவேம்பின் வேர் ஒன்று மண்ணுக்குள்ளேயே, அவன் ஊற்றிய தண்ணீர் எட்டாத ஆழத்தில், ஐந்து நாள் கனன்றுகொண்டு போயிருக்கிறது. அவன் செதுக்கிய தரைக்கு அடியிலேயே போய், புல்லுக்குள் தலை தூக்கியிருக்கிறது. மேலே ஓடிய தீ மண்ணைத் தொட்டுவிட்டுப் போய்விட்டது; அங்கெல்லாம் புல் வந்தது. வேர் நின்று எரிந்த இடத்தில் மண்ணே வெந்துவிட்டது.

அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மலைச்சாமியின் உள்ளங்கை ஞாபகம் வரும் என்று பயந்தான், வரவில்லை. ஆடிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்றுதான் மனது பார்த்தது. சத்தியநேசன் சீட்டு எழுத வரும்போது எதிர்க்கரையில் நின்றால் பளிச்சென்று தெரியும்.

மறுநாள் மாயக்காள் ஊற்றுக்குப் போன நேரத்தில் சரிவிலிருந்து புல் முடிச்சுகளை வேரோடு பெயர்த்து வந்தான். கோட்டைக் கொத்திவிட்டு, நெருக்கமாக நட்டான். மூன்று நாள் இதே சோலி. தூரத்திலிருந்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மழை விட்டு வெயில் கொளுத்தியது. வெந்த மண் ஒரு வேரையும் பிடித்துக்கொள்ளவில்லை. எட்டாம் நாள் நட்டதெல்லாம் மஞ்சளித்து நின்றது. முன்பு சிவப்பாக இருந்த கோடு இப்போது பச்சைக்கு நடுவே மஞ்சளாக, முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

மாயக்காள் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் பின்னால் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

“அண்ணன் மாட்டையெல்லாம் விக்கப்போறாரு. செவ்வாக்கெழமை தரகன் வர்றானாம்,” என்றாள்.

கோட்டின் மேல் கால் படாமல் தாண்டிக் கொட்டகைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மலைச்சாமி வந்தார். இந்தத் தடவை கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். புருவம் வளர்ந்துவிட்டிருந்தது. மாயக்காள் கொடுத்த காப்பியைக் குடித்தார். குடித்துவிட்டு, கொண்டுவந்திருந்த வெற்றிலையைத் தவசி முன்னால் வைத்தார்.

“தெரியாம நடந்திருக்கும் மாப்ளே. வேணும்னு செய்யல. சத்தியம் பண்றப்போ நெசம்னு நெனச்சுத்தான் பண்ணேன். சாமி காட்டிக் குடுத்திருச்சு. நாளைக்குப் போடிக்குப் போயி முதலாளிகிட்ட நானே சொல்லிடுறேன். ஒனக்குக் குத்தகை நிக்கட்டும். மாட்டை வித்துட்டு நான் தேவாரம் பக்கம் தோப்புக் காவலுக்குப் போறேன்.”

தவசி வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை எடுத்துக்கொண்டால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. தோட்டம் நின்றுவிடும், ஏழு வருஷம் நின்றுவிடும். அடுப்பங்கரையில் மாயக்காளின் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது. வெளியே ஓடை ஓடும் சத்தம் கேட்டது. மலைச்சாமி எழப்போனார்.

“ஒரு நிமிசம் வாங்க மச்சான்,” என்றான்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். மலைச்சாமி குந்தி உட்கார்ந்து, காய்ந்த புல் முடிச்சு ஒன்றை இழுத்தார். அது கையோடு வந்தது. பொந்துக்குள் கையைவிட்டுச் சாம்பலை எடுத்து மோந்து பார்த்தார். முப்பது வருஷம் மலையில் திரிந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“வேர் எரிஞ்சிருக்கு.”

“நான்தான் கட்டையைக் கொளுத்துனேன். இவ ஊருக்குப் போயிருந்தப்போ. தீப்பிடிக்கிறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி. மூணு குடம்தான் ஊத்துனேன்.”

மலைச்சாமி நிமிரவில்லை. சாம்பலை விரல்களுக்கிடையில் தேய்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு தேன்சிட்டு ஈச்சங்குருத்தில் வந்து உட்கார்ந்து, போய், மறுபடி வந்தது. அடிப்பார் என்று தவசி காத்திருந்தான். அடித்தால் நல்லது என்றிருந்தது.

“அப்போ என் பசு எதுக்குச் செத்துச்சு?” என்றார்.

பசிக்குத்தான் அந்தப் பாறையில் ஏறியது, அந்தப் பசி என்னால் வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அது தவசிக்குத் தோன்றியது பல வருஷம் கழித்து.

மலைச்சாமி கோட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை பார்த்தார். கொத்திய தடத்தையும், நட்டுக் காய்ந்த புல்லையும் பார்த்தார். அவர் கண் மெதுவாகச் சுருங்கியது.

“மண்ணு புதுசா வெட்டுனதா இருக்கே, மாப்ளே.”

“மறைக்கிறதுக்கு வெட்டுனேன்.”

“மறைக்கிறதுக்கா, காட்டுறதுக்கா? மாயக்கா சொல்லிச் செஞ்சியா? அண்ணன் மாட்டை விக்கிறானே, ஏதாச்சும் சொல்லி நிறுத்துங்கன்னு அழுதாளா?” அவர் எழுந்து கையைத் துண்டில் துடைத்தார். “எரக்கப்பட்டு நீ பழியை ஏத்துக்கிட்டா சாமி விட்டுருமா? இன்னும் மாடு இருக்கு எனக்கு, பேரப்புள்ளை இருக்கு. என்னை விட்டுரு.”

தவசி அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்ய வாயெடுத்தான். சத்தியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் மலைச்சாமி கையை உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். மாயக்காள் கொட்டகை வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்தாள். வெற்றிலை வைத்த இடத்திலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் தவசி போடிக்கு இறங்கினான். மலைச்சாமி அதற்கு முன்பே கடைக்கு வந்து, தீ தன் சுருட்டால்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சத்தியநேசன் தவசி சொன்னதை முழுக்கக் கேட்டார். சேம்பிளுக்கு வந்திருந்த ஏலக்காய் ஒன்றை நகத்தால் கீறி, விதையை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மணி நேரம் முன்னாடி அவன் நான்தான்னான். இப்ப நீ நான்தான்ங்கிற. ரெண்டு பேரும் கூடிப் பேசிக்கிட்டு எதையோ என் தலையில கட்டப் பாக்குறீங்களான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு.”

தோட்டத்துக்கு வந்து கோட்டைப் பாருங்கள் என்றான் தவசி. சத்தியநேசன் அதே வாரம் வந்து பார்த்தார். கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நட்ட புல்லையும் நடாத புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பியதாகவும் சொல்லவில்லை, நம்பாததாகவும் சொல்லவில்லை.

“நெசமா இருந்தாலும் நீ இருக்க முடியாது. பொய்யா இருந்தாலும், இப்படிப் பொய் சொல்றவனை வச்சுக்க முடியாது,” என்றார்.

ஆடி பிறந்ததும் தவசியும் மாயக்காளும் சட்டி பானையோடு மலையிறங்கினார்கள். தோட்டத்தைச் சத்தியநேசன் ராமர் என்ற சின்னமனூர்க்காரருக்குக் குத்தகைக்கு விட்டார். கருகிய நாலு வரிசையும் மூன்றாம் வருஷம் காய்த்தது. கோட்டில் புல் வர அதைவிட ஒரு வருஷம் கூட ஆனது. எண்பத்துமூன்று வறட்சியில் சரிவு மறுபடி எரிந்தது. அந்தத் தடவை யார் என்று யாரும் கேட்கவில்லை. மலைச்சாமி சொன்னபடியே செவ்வாய்க்கிழமை மாடுகளை விற்றுவிட்டு, தேவாரத்தில் ஒரு தென்னந்தோப்புக் காவலுக்குப் போனார். தவசி மூன்று தடவை பார்க்கப் போனான். மூன்று தடவையும் உட்காரச் சொன்னார், அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. எண்பத்தாறில் மஞ்சள்காமாலையில் இறந்தார். கன்னையன் இன்னும் பூசாரியாக இருக்கிறான். சத்தியநேசனுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபிறகு கடையை அவர் மகள் ரெபேக்காள் நடத்துகிறாள். தவசியும் மாயக்காளும் சிலமலையிலிருந்து ஜீப்பில் கூலிக்குக் காய் எடுக்கப் போகிறார்கள், பெரும்பாலும் வெவ்வேறு தோட்டத்துக்கு.